விக்கிரயம் என்னும் ஒரு சொல்

நான் பத்திரம் எழுதுகிறவன். அரசு கொடுத்த உரிமத்தில் ‘ஆவண எழுத்தர்’ என்று இருக்கும். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் ‘ரைட்டர்’ என்பார்கள். திண்டுக்கல்லில் 36 ஆண்டுகளாக இதுதான் வேலை. கிரையப் பத்திரத்தில் விற்பவர் பெயர் மாறும், வாங்குபவர் பெயர் மாறும், தொகையும் நான்கு எல்லையும் மாறும். மாறாத வரி ஒன்று உண்டு. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் முதல் நாள் என்னை மனப்பாடம் செய்யச் சொன்னது அந்த வரியைத்தான்: மேற்படி சொத்தை இன்று முதல் தாங்களே புத்திர பௌத்திர பாரம்பரியமாகவும் தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாகவும் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.

பழைய மணிப்பிரவாளம்தான். பிரித்துப் பார்த்தால் எளிது. பிள்ளைக்கும் பேரனுக்கும் போகும். தானம் கொடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். விக்கிரயம் என்றால் விற்பனை. எங்கள் ஊரைப் போன்ற சிறிய நகரங்களில் ஏழைக்கு ஏன் வீடு நிற்பதில்லை என்று யோசித்து யோசித்து, கடைசியில் அந்த ஒரு சொல்லில் வந்து நிற்கிறேன்.

போன ஆவணியில் ஒரு பெண் என் மேசைக்கு வந்தார். பூ மார்க்கெட்டில் மூட்டை பிரித்து எடை போடும் இடத்தில் கூலி வேலை. கணவர் லோடு ஏற்றுபவர். இரண்டு பெண் பிள்ளைகள். நாகல் நகர்ப் பக்கம் ஒரு காம்பவுண்டில் ஒற்றை அறையும் ஒரு துண்டுச் சமையல்கட்டும். 2 லட்சம் ரூபாய்க்கு மூன்று வருடம் ஒத்தி பேசியிருந்தார். மஞ்சள் பையில் பணத்தைக் கொண்டுவந்தே விட்டார். சீட்டு எடுத்தது பாதி, தோடும் தாலிக்குண்டும் அடகு வைத்தது மீதி. ஐந்நூறு ரூபாய்க் கட்டுகளோடு நூறும் ஐம்பதுமாகச் சேர்ந்த கட்டுகளும் இருந்தன. அவற்றை ரப்பர் பேண்டு போடாமல் வாழைநாரில் கட்டியிருந்தார். பூ மார்க்கெட்டுக் கை.

“வில்லங்கம் போட்டுப் பாத்தியா தாயி?”

“வில்லங்கமாண்ணே? வீட்டுக்காரரு நல்ல மனுசன். எங்க தெருக்காரங்கதான்.”

நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தபோது, அந்தக் காம்பவுண்டின் மூலப் பத்திரம் ஒரு வங்கியில் அடமானமாக இருந்தது. கடன் நின்றுபோனால் வங்கி நோட்டீஸ் ஒட்டும், ஏலம் வரும். ஒத்திக்காரர் கொடுத்த 2 லட்சத்தை யாரிடம் போய்க் கேட்பது? விளக்கிச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனார். இரண்டு மாதம் கழித்து மார்க்கெட் வாசலில் பார்த்தேன். அதே வீட்டில் குடியேறிவிட்டார். பதிவு செய்யாமல், நூறு ரூபாய் ஸ்டாம்பு பேப்பரில் எழுதி வாங்கிக்கொண்டாராம். நான் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வேற எங்கண்ணே போறது? நான் காலைல மூணு மணிக்கு மார்க்கெட்ல நிக்கணும். நடந்து போற தூரத்துல வேற ரூமு இல்ல.”

விலை மலிந்த வீடு என்று பேசுகிறவர்கள் இந்தப் பதிலில் உள்ள இரண்டாவது பாதியைக் கேட்பதே இல்லை. வீடு எவ்வளவு என்பது பாதிக் கேள்வி. எங்கே என்பது மீதிப் பாதி. பெண்களுக்கு நகரப் பேருந்தில் 2021 முதல் கட்டணம் இல்லை, நல்ல திட்டம், மனதார வரவேற்கிறேன். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு எந்த ஊராட்சியிலிருந்து எந்த நகரப் பேருந்து புறப்படுகிறது?

திண்டுக்கல் நகராட்சி 1866இல் உருவானது. 2014இல் மாநகராட்சி ஆனது. பெயர் மாறியதே தவிர எல்லை பழையது: 14 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் இதற்குள் 2,07,327 பேர். நடுவில் மலைக்கோட்டைப் பாறை, குறுக்கே ரயில் பாதை, மிச்சத்தில் பூட்டுப் பட்டறை, தறி, தோல் கிடங்கு, மண்டி, பள்ளி, பள்ளிவாசல், கோயில், வீடு. ஒரு சதுர கிலோமீட்டரில் கிட்டத்தட்ட 15,000 பேர். ஊருக்குள் மனை என்பது இனி யாரோ ஒருவர் இறந்து, பிள்ளைகள் பாகம் பிரித்து, ஒருவருக்கொருவர் பேச்சு நின்று, விற்பனைக்கு வந்தால்தான் உண்டு. அப்படி வரும் இரண்டு செண்டுக்குப் பத்துப் பேர் முன்பணத்தோடு நிற்கிறார்கள். அந்தப் பத்துப் பேரில் பூ மார்க்கெட் பெண்மணி இருக்க மாட்டார்.

அதனால் ஊர் வெளியே வழிகிறது. பாலகிருஷ்ணாபுரம், செட்டிநாயக்கன்பட்டி, சீலப்பாடி, அடியனூத்து என்று சுற்றிலும் ஊராட்சிகள். நான் தொழிலுக்கு வந்தபோது சோளம் நின்ற காடுகளுக்கு இன்று கல் ஊன்றி, கொடி கட்டி, வளைவு வைத்து, ‘நகர்’ என்று பெயர் போட்டாயிற்று. வேலை மாநகராட்சிக்குள், குடியிருப்பு ஊராட்சிக்குள், நகரமைப்பு அங்கீகாரம் வேறொரு அலுவலகத்தில். இந்த மூன்றையும் ஒரே மேசையில் விரித்துப் பார்க்கிற ஆள் யார் என்று எனக்கு இதுவரை தெரியாது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2015இல் வந்த பிரதமர் வீடு கட்டும் திட்டத்தில், சொந்த மனையில் தானே கட்டிக்கொள்பவருக்கு மத்திய அரசு 1.50 லட்சமும் மாநில அரசு 60,000 ரூபாயும் கொடுத்தன. அந்த 2.10 லட்சத்தால் குடிசை ஓட்டு வீடாகாமல் நேராகக் கான்கிரீட் வீடான குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்தப் பணத்துக்கு விண்ணப்பிக்கத்தான் பாதிப் பேர் என்னிடம் வந்தார்கள். ஏனென்றால் முதல் ஆவணம் பட்டா. தாத்தா பெயரில் பட்டா, அப்பா இறந்துவிட்டார், அத்தை கையெழுத்துப் போட மறுக்கிறார், கூட்டுப் பட்டாவில் எட்டுப் பேர். நத்தம் நிலத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிறார்கள், கையில் வீட்டு வரி ரசீதைத் தவிர ஒரு காகிதம் இல்லை. இவர்களாவது மண்மேல் இருக்கிறார்கள், இழுத்துப் பிடித்து ஏதாவது செய்யலாம். வாடகைக்கும் ஒத்திக்கும் இருப்பவர் அந்த வரிசையிலேயே நிற்க முடியாது. மனை இருப்பவருக்குத்தான் மானியம். கட்டடத்துக்குக் காசு கொடுத்தோம். கட்டடத்துக்கு அடியில் இருக்கும் மண்ணை யார் கொடுப்பது என்ற கேள்வியைச் சந்தையிடம் விட்டுவிட்டோம்.

மண்ணைத் தேடி அவர்களே புறப்பட்டதும் நடந்தது. ஒன்றரை செண்ட், இரண்டு செண்ட் என்று காட்டுக்குள் கயிறு போட்டு விற்ற அங்கீகாரமில்லா மனைகள். பன்னிரண்டடிப் பாதை, சாக்கடை கிடையாது, பூங்கா கிடையாது. நகரமைப்புப் படித்தவர்களுக்கு அது குற்றம். மாதச் சீட்டுக் கட்டி வாங்கியவர்களுக்கு அது ஒன்றுதான் கைக்கு எட்டிய மண். 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லா மனைகளைப் பதியத் தடை விதித்தது. மறுநாளிலிருந்து எங்கள் ஆபீஸ் வாசல் காலியாக இருந்தது. விளைநிலம் அழிவதைத் தடுக்க வந்த உத்தரவு, அதன் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நாற்பத்தெட்டுத் தவணையில் நாற்பத்தாறு கட்டி முடித்த ஒரு சலூன்காரர் என் எதிரே உட்கார்ந்து, “அப்ப எம் மனை மனையில்லையா சார்?” என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது. கட்டணம் கட்டிச் சரிசெய்துகொண்டார்கள், அவரும் கட்டினார். கடன் வாங்கித்தான்.

இப்போது நான் சொல்லவந்த இடத்துக்கு வருகிறேன்.

2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு மேல் லேஅவுட் போட்டால் இரண்டு ‘பத்து சதவீதம்’ உண்டு. சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதம் பூங்கா, திறந்தவெளிக்கு. இன்னொரு 10 சதவீதம் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான மனைகளுக்கு. முதல் பத்து சதவீதத்தை உரிமையாளர் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிந்து கொடுக்க வேண்டும், சாலைகளையும் அப்படியே. எழுதிக்கொடுத்த பிறகுதான் அங்கீகாரம் கைக்கு வரும். நானே எத்தனையோ தானப் பத்திரம் எழுதியிருக்கிறேன். அந்த நிலம் ஊருக்குச் சொந்தம், யாரும் விற்க முடியாது.

இரண்டாவது பத்து சதவீதத்துக்கு மட்டும் விதி வேறு. அதை நலிந்த பிரிவினருக்கு விற்க வேண்டும் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. யார் நலிந்தவர், என்ன விலை, அவர் அடுத்த ஆண்டு யாருக்கு விற்கிறார் என்று பார்க்க எங்கள் மேசையில் ஒரு கட்டமும் இல்லை. பத்திரத்தில் அதே பழைய வரி: தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாக.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. எந்த லேஅவுட் என்று சொல்லவில்லை. நலிந்த பிரிவினருக்கென்று வரைபடத்தில் குறித்த அடுத்தடுத்த இரண்டு சின்ன மனைகள். ஒன்றைக் கணவர் பெயரிலும் ஒன்றை மனைவி பெயரிலும் வாங்கினார்கள். இரண்டு மனையைச் சேர்க்கக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. இன்று அங்கே நடுவில் சுவர் இல்லாமல், கீழே கார் நிற்கிற ஒரே வீடு இருக்கிறது. அந்த இரண்டு பத்திரத்தையும் எழுதியவன் நான். சட்டப்படி என் பத்திரத்தில் பிழை எதுவும் இல்லை. அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் எனக்குத் தாங்குவதில்லை.

பூங்காவுக்கான பத்து சதவீதம் ஊருக்குத் தானமாக வரும்போது, ஏழைக்கான பத்து சதவீதமும் அதே மாதிரி ஏன் வரக் கூடாது? இதுதான் என் கேள்வி, கோரிக்கையும் இதுதான். உள்ளாட்சியின் பெயருக்கு மண் வரட்டும். அதைத் துண்டுதுண்டாகச் சிதறவிடாமல், பேருந்து நிற்கும் சாலை ஓரமாக ஒரே இடத்தில் தரச் சொல்லட்டும். ஐந்து ஏக்கர் லேஅவுட்டை எடுத்துக்கொள்வோம். சாலைக்கு மூன்றில் ஒரு பங்கு போனாலும் அந்தப் பத்து சதவீதம் 14,000 சதுர அடிக்கு மேல் வரும். உயரம் குறைந்த கட்டடத்துக்கு மனைப் பரப்பில் இரண்டு மடங்கு வரை கட்ட அனுமதி உண்டு. படிக்கட்டு, நடைபாதை போக 400 சதுர அடி வீடுகளாகக் கட்டினால் அறுபது குடும்பம் குடியிருக்கலாம். ஒரு லேஅவுட்டில் அறுபது குடும்பம். நான் தொழிலுக்கு வந்தபின் திண்டுக்கல்லைச் சுற்றி எத்தனை லேஅவுட் விழுந்திருக்கிறது என்று நினைத்துப் பார்க்கும்போது, கைவிட்டுப்போனது எவ்வளவு என்று தெரியும்.

கட்டிய வீட்டைக் குடும்பத்துக்குக் கொடுக்கும்போது மண்ணை விற்கக் கூடாது. மண் ஊருடையது, மேலே உள்ள வீடு குடும்பத்துடையது. நீண்டகாலக் குத்தகைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். புத்திர பௌத்திர பாரம்பரியம் அப்படியே இருக்கட்டும், மகனுக்கும் மகளுக்கும் போகட்டும். விக்கிரயம் என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட வேண்டும்.

இதைச் சொன்னால் எங்கள் தொழிலில் இருப்பவர்களே கேட்கிறார்கள்: விற்க முடியாத சொத்து ஒரு சொத்தா, வங்கி கடன் கொடுக்குமா? நிலக்கோட்டையில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. சிப்காட் எந்த ஆலைக்கும் மண்ணை விற்பதில்லை. 99 ஆண்டுக் குத்தகைக்குத்தான் கொடுக்கிறது. அந்தக் குத்தகைப் பத்திரத்தின்மேல் வங்கிகள் கோடிக்கணக்கில் கடன் கொடுக்கின்றன. ஆலை ஓடுகிறது, இயந்திரம் வருகிறது, பங்குதாரர் மாறுகிறார், மண் மட்டும் அரசிடம் இருக்கிறது. தொழிலதிபருக்கு மண்ணை விற்காமல் காப்பாற்றத் தெரிந்த அரசுக்கு, கூலிக்காரருக்கான மண்ணையும் அதே மாதிரி காப்பாற்றத் தெரியும்.

விற்பதற்கான கட்டாயம் ஏழைக்கு வராதா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. வரும், வராமல் எப்படி இருக்கும்? ஒரு வயதான கொத்தனார் என்னிடம் வந்தார். இருபது ஆண்டுக்கு முன் அவருக்கு ஓர் அரசுத் திட்டத்தில் ஒதுக்கிய வீடு. தவணை எல்லாம் கட்டி முடித்துப் பத்திரம் வாங்கியிருந்தார். மனைவிக்குச் சிறுநீரகம் போய்விட்டது, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ், போக்குவரத்து, மருந்து. “வித்துரலாம்னு இருக்கேன் சார், எழுதிக் குடுங்க” என்றார். எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போடும்போது அவர் கை நடுங்கவில்லை. பக்கத்தில் நின்ற மகன்தான் அழுதார். அந்தப் பணம் பதினான்கு மாதத்தில் தீர்ந்தது, அந்த அம்மாவும் போய்விட்டார். கொத்தனார் இப்போது மகனோடு வாடகை வீட்டில் இருக்கிறார். அவர் வீட்டை வாங்கியவருக்கு ஏற்கெனவே நான்கு வீடு உண்டு. ஐந்தாவதையும் வாடகைக்கு விட்டிருக்கிறார். அரசு ஒரு ஏழைக்கென்று போட்ட பணம் ஒரே தலைமுறையில் இன்னொருவரின் வாடகை வருமானமாகிவிட்டது. யாரும் ஏமாற்றவில்லை, எல்லாம் முறைப்படி நடந்தது.

கொத்தனாருக்கு அன்று பணம் வேண்டியிருந்தது. அதை மறுக்கிற திட்டம் கொடுமையான திட்டம். ஆனால் அவர் வீட்டை மாநகராட்சியிடமே திருப்பிக் கொடுத்து, கட்டிய தொகையையும் அதற்கு மேல் ஒரு நியாயமான பங்கையும் வாங்கிக்கொள்ள வழி இருந்திருந்தால், பணமும் கிடைத்திருக்கும், வீடு அடுத்த ஏழைக்கும் போயிருக்கும்.

இப்படி நடத்திக்காட்டிய ஒரு சிறிய ஊர் இருக்கிறது. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் பர்லிங்டன். 45,000 பேர் கூட இல்லாத ஊர், நம் கணக்கில் ஒரு நகராட்சி. பெர்னி சாண்டர்ஸ் அங்கே மேயராக இருந்தபோது, 1984இல், நகராட்சி 2 லட்சம் டாலர் முதலீடு போட்டு ஒரு நில அறக்கட்டளையைத் தொடங்கியது. நிலம் அறக்கட்டளையிடம் இருக்கும், வீட்டை மட்டும் குடும்பம் வாங்கும். விற்க நினைத்தால், மதிப்பு ஏறியதில் நான்கில் ஒரு பங்கு குடும்பத்துக்கு. மீதி வீட்டின் விலையிலேயே தங்கி, அடுத்து வருபவருக்கு மலிவாகக் கிடைக்கும். ஊர் இதற்கென்று சொத்து வரியில் ஒரு சிறு பங்கை ஒதுக்கியது. இன்று அந்த அமைப்பிடம் 2,000க்கு மேற்பட்ட வாடகை வீடுகளும் இருக்கின்றன. சாம்ப்ளைன் வீட்டுவசதி அறக்கட்டளை என்பது இப்போதைய பெயர்.

அந்த யோசனை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனேன். அமெரிக்காவில் இப்படிப்பட்ட முதல் நில அறக்கட்டளை 1969இல் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின விவசாயிகளுக்காகத் தொடங்கியது. தொடங்கியவர்கள் முன்மாதிரியாகப் பார்த்தவற்றில் ஒன்று வினோபாவின் கிராமதானம். படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கிராமதானம் எங்கள் மண்ணில் நடந்தது. இந்த மாவட்டத்தில் பிறந்த கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் 1950களில் வத்தலக்குண்டுப் பக்கம் கால் தேய நடந்து செய்த வேலை அது. கிராமதானத்தில் பட்டா ஊரின் பெயருக்குப் போகும். உழுகிறவர் உழுதுகொண்டிருப்பார், அவர் பிள்ளைக்கும் போகும், வெளியாளுக்கு மட்டும் விற்க முடியாது. நான் மேலே எழுதிய பத்திர வரியில் இருந்து ஒரு சொல்லை எடுத்துவிட்டால் வருவதுதான் அது. நம் நாட்டில் பிறந்த வழி ஜார்ஜியாவுக்குப் போய், வெர்மான்ட்டுக்குப் போய், நகர வீட்டுக்கும் பொருந்தும் என்று அங்கே காட்டியாயிற்று. 2008இல் கிருஷ்ணம்மாளுக்கும் ஜெகந்நாதனுக்கும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. அதே 2008இல் பர்லிங்டன் அறக்கட்டளைக்கு உலக வாழிட விருது கிடைத்தது. இந்த இரண்டையும் சேர்த்து நம் ஊரில் யாராவது ஒரு மேடையில் பேசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். ஒவ்வொரு கிரையத்துக்கும் முத்திரைத் தீர்வை 7 சதவீதம். அதில் 2 சதவீதம் சொத்து கைமாறுவதற்கான உபரி வரி, அது அந்தந்த உள்ளாட்சிக்கு உரியது. பத்து லட்ச ரூபாய் மனைக்கு 20,000 ரூபாய். எட்டு லட்சம் வீதம் ஐம்பது மனை விற்றால் 8 லட்சம் ரூபாய் உள்ளாட்சிக்கு. நிலம் விலை ஏற ஏற, ஏழைக்கு ஊர் தூரமாகத் தூரமாக, உள்ளாட்சிக்கு வருமானம் ஏறுகிறது. அந்த 2 சதவீதத்தில் கால் பங்கையாவது தனிக் கணக்கில் போட்டு, நிலம் வாங்கவும் வாடகை வீடு கட்டவும் மட்டும் செலவழிக்க வேண்டும். சம்பளத்துக்கும் தெருவிளக்குக்கும் அந்தப் பணம் போகிறது என்று எனக்குத் தெரியும், அவையும் தேவைதான். கால் பங்கு என்று அதனால்தான் சொல்கிறேன்.

வாடகை வீடு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லாரும் வீடு வாங்கும் நிலையில் இல்லை, எல்லாருக்கும் வாங்க வேண்டும் என்றும் இல்லை. பழைய நகராட்சிகள் துப்புரவுப் பணியாளர்களுக்கு ஊருக்குள்ளேயே வரிசை வீடு கட்டி வைத்திருந்தன. அந்த வீடுகளை ஊர் நடத்திய விதத்தில் சாதிக் கொடுமை இருந்தது, அதற்கு நாம் வெட்கப்பட வேண்டும். ஆனால் வேலைக்குப் பக்கத்தில் வீடு என்பது நகராட்சியின் பொறுப்பு என்ற ஒரு நினைப்பாவது அன்று இருந்தது. இன்று பூ மார்க்கெட்டிலும் மண்டியிலும் ஓட்டலிலும் வேலை பார்ப்பவர்களுக்கு அது யார் பொறுப்பு? 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்கிறது, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. இருதரப்பும் வேறு தொகைக்கு ஒத்துக்கொண்டால் அதற்கும் இடம் வைத்திருக்கிறது. ஒற்றை அறை தேடி அலைகிறவர் எதற்குத்தான் ஒத்துக்கொள்ள மாட்டார்?

முடியுமா என்று கேட்பவர்கள் ஒருமுறை தோட்டனூத்துக்குப் போய்வர வேண்டும். இலங்கைத் தமிழர் குடும்பங்களுக்காக அங்கே 321 வீடுகள் கட்டி 2022 செப்டம்பரில் திறந்தார்கள். சட்டமன்றத்தில் அறிவித்தது 2021 ஆகஸ்டில். பதின்மூன்றே மாதம். நான் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். வாசலில் முருங்கை வைத்திருக்கிறார்கள், மாலையில் தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பல ஆண்டுகள் தகரத்தடியில் இருந்தவர்கள். அந்த மண் அரசு மண். அந்த வீடுகளைக் கைமாற்றிப் பத்திரம் எழுத என்னிடம் யாரும் வருவதில்லை. யாருக்காகக் கட்டினார்களோ அவர்களே இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் குடியுரிமை இல்லாதது வேறு வழக்கு, அது பெரிய அநீதி. உரிமை இல்லாத குடியிருப்பை நான் கேட்கவில்லை. பத்திரம் வேண்டும், பதிவு வேண்டும், வாரிசுரிமை வேண்டும். அரசு மனம்வைத்தால் ஓராண்டில் வீடு எழும் என்பதற்கும், மண்ணைக் கையில் வைத்திருந்தால் வீடு வழிதவறாது என்பதற்கும் அந்தத் தெருக்கள் சாட்சி.

ஒன்றைச் செய்யக் கூடாது. சென்னை கண்ணகி நகரில் 15,000 வீடுகளுக்கு மேல் கட்டி, ஊருக்குள் வேலை பார்த்தவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தது போல, மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகக் கரட்டடியில் அடுக்குமாடி கட்டக் கூடாது. பெரிய ஊரிலாவது இரவு பேருந்து இருக்கும். சின்ன ஊரில் கடைசி வண்டி போய்விட்டால் அவ்வளவுதான். அப்படிக் கட்டிய வீட்டுக்குச் சாவி வாங்கி, பூட்டிவிட்டு, மறுபடியும் ஊருக்குள் ஒத்திக்கு வந்து குடியிருப்பவர்களை எனக்குத் தெரியும்.

திண்டுக்கல் மாமன்ற உறுப்பினர்களுக்கும் சுற்றியுள்ள ஊராட்சித் தலைவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சட்டத்தை மாற்றுவது சென்னையில் நடக்கும், அதற்கு நாளாகும். உங்கள் எல்லைக்குள் ஏழைக்கான மனைகள் எங்கெங்கே குறித்திருக்கின்றன, இன்று அவற்றில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுக்க எந்தச் சட்டமும் மாற வேண்டாம். அந்தப் பத்து சதவீதத்தை ஊருக்கே தர மனமுள்ள ஒரு லேஅவுட்காரரை அழைத்துப் பேசுவதற்கும் அரசாணை வேண்டாம். பூமிதானம் கொடுத்தவர்கள் பிறந்த ஜில்லா இது, ஒருவராவது ஒத்துக்கொள்வார்.

அந்த முதல் தானப் பத்திரத்தை எழுத நான் கூலி வாங்க மாட்டேன்.